காஷ் ஆறு: மூன்று மாதத் தண்ணீரும் அது நனைக்கும் நிலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குச் சூடானில் கசாலா நகரத்தை ஒட்டி ஓடும் காஷ், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காட்டாறு. புவியியல் படிப்பவர்களும் வெள்ளப் பாசனத்தில் ஆர்வமுள்ள விவசாயிகளும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்பவை கீழே உள்ளன. சூடானில் நிலத்தை ஃபெடானில் அளப்பார்கள். ஒரு ஃபெடான் 4,200 சதுர மீட்டர். நம் ஏக்கரைவிடத் துளி கூடுதல்.

காஷ் எங்கே பிறந்து எங்கே முடிகிறது?

எரித்ரியாவின் தலைநகரான அஸ்மாராவுக்குத் தெற்கே, 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மேட்டுநிலத்தில் பிறக்கிறது. அங்கே அதன் பெயர் மெரெப். தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, ஒரு நீளமான பகுதியில் எரித்ரியாவுக்கும் எத்தியோப்பியாவின் டிக்ரே மாநிலத்துக்கும் எல்லையாக ஓடுகிறது. பிறகு எரித்ரியாவின் மேற்குத் தாழ்நிலத்தில் டெசெனேய் ஊரைக் கடந்து சூடானுக்குள் நுழைந்து, வடக்கே திரும்பிக் கசாலாவுக்கு வருகிறது. கசாலா கிடப்பது சுமார் 500 மீட்டர் உயரத்தில். அதாவது 1,500 மீட்டர் இறக்கம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கசாலா தாண்டியதும் சரிவு குறைந்து, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டருக்குச் சமவெளியில் பரவுகிறது. இதுதான் காஷ் கழிமுகம். பெயர் கழிமுகமே தவிர, கடல் பக்கத்தில் எங்கும் இல்லை. வரைபடங்களில் காஷ் டை என்று குறிக்கப்படும் வடகோடி முட்காட்டில் மிச்சத் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும்.

நைல் நதியில் சேருவதில்லையா?

இல்லை. மேற்கே ஓடும் அத்பரா ஆறு நைலின் கிளையாறு. காஷ் அந்தத் திசையில்தான் சாய்ந்து கிடக்கிறது. ஆனாலும் சாதாரண ஆண்டுகளில் அத்பராவை எட்டுவதே இல்லை. நைல் படுகையின் எல்லைக்குள் காஷையும் சேர்த்து வரையும் வரைபடங்கள் உண்டு. நிலத்தின் சாய்வை வைத்துப் பார்த்தால் அது சரி, தண்ணீரை வைத்துப் பார்த்தால் சரியில்லை.

எத்தனை நாள் ஓடும்? எவ்வளவு தண்ணீர் வரும்?

ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் கடைசி வரை, 80 முதல் 100 நாள். சில ஆண்டு ஜூன் கடைசியிலேயே முதல் வெள்ளம் வந்துவிடும். ஓடும் நாட்களிலும் சீராக ஓடாது. மேட்டுநிலத்தில் இடிமழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் திடீரென ஏறும், சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும், பிறகு மெல்ல வடியும். அடுத்த மழைக்கு அடுத்த ஏற்றம். ஒரு பருவம் முழுக்க இப்படி ஏற்றமும் வடிதலுமாகத்தான் போகும்.

மொத்த வரத்து சராசரியாக ஆண்டுக்கு 65 கோடி கனமீட்டரை ஒட்டி இருக்கும். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 23 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சராசரியை நம்பி எதையும் திட்டமிட முடியாது. மோசமான ஆண்டில் சுமார் 14 கோடி கனமீட்டர், அதாவது 5 டி.எம்.சி.; பெருவெள்ள ஆண்டில் 140 கோடிக்கும் மேல், 50 டி.எம்.சி. அளவுக்கு. பத்து மடங்கு வித்தியாசம். வாய்க்காலை எந்த அளவுக்கு வெட்டினாலும் ஒரு வருடம் பெரிதாகவும் இன்னொரு வருடம் சிறிதாகவும் போய்விடும்.

உள்ளூர் மழை போதாதா?

கசாலாவில் ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர். வடக்கே போகப் போக அதுவும் குறையும். மானாவாரிச் சோளத்துக்கு இது பற்றாது. கழிமுகத்தில் விளைவது அத்தனையும் வேறொரு நாட்டு மலையில் பெய்த மழையின் விளைச்சல்.

மற்ற ஒன்பது மாதமும் ஆறு எப்படி இருக்கும்?

மணல். இடத்துக்கு இடம் நூறு மீட்டரிலிருந்து பல நூறு மீட்டர் வரை அகலமுள்ள வெறும் மணல் படுகை. ஆட்கள், ஆடுகள், ஒட்டகங்கள், லாரிகள் எல்லாம் அதற்குள் நடமாடும். மேலே காய்ந்து கிடந்தாலும் கீழே ஈரம் இருக்கும். வெள்ளக்காலத்தில் மணலுக்குள் இறங்கிய தண்ணீர்தான் ஆற்றோரக் கிணறுகளுக்கு ஆண்டு முழுக்க ஊற்று.

ஒரு அணை கட்டித் தேக்கிவைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. தடை வண்டல். காஷ் கொண்டுவரும் தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். ஆண்டுக்குப் பல மில்லியன் டன் வண்டலும் மணலும் சேர்ந்து வருகின்றன. சரிவு குறைந்த இடத்தில் குறுக்கே சுவர் வைத்தால், தண்ணீர் நிற்கும் முன் வண்டல் நின்றுவிடும். சில பருவங்களிலேயே கொள்ளளவில் பெரும்பங்கு தூர்ந்துவிடும். மதகு வழியே வண்டலைத் தள்ளிவிடலாம் என்றால், அதற்கு ஓடும் தண்ணீரையே செலவழிக்க வேண்டும். அப்புறம் தேக்குவதற்கு என்ன மிஞ்சும்?

இங்கே தேக்கிவைக்கும் பாத்திரம் மண்தான். வயலை ஒரு மாதம் வரை மூழ்கவிட்டு, தண்ணீரை மண்ணுக்குள்ளேயே சேமித்து, வெள்ளம் போன பிறகு அந்த ஈரத்தில் பயிர் வைக்கிறார்கள். பொருத்தமான ஏற்பாடு. வண்டலும் அணையில் அடையாமல் வயலில் உரமாகப் படிகிறது.

பாசன அமைப்பில் என்னென்ன பாகங்கள் உள்ளன?

ஆற்றிலிருந்து ஆறு பெரிய வாய்க்கால்கள் பிரிகின்றன. தெற்கிலிருந்து வடக்காக கசாலா, மெகாலி, தெகெய்ன், தெந்தெலாய், மெத்தாத்தெய்ப், ஹதாலியா. காஷ் பாசனத் திட்டத்தின் நிர்வாகத் தலைமையிடம் கசாலாவுக்கு வடக்கே உள்ள அரோமா.

ஒவ்வொரு வாய்க்காலின் தலையிலும் ஷட்டர் வைத்த தலைமதகு. வாய்க்கால் நெடுகக் குறுக்கே சீராக்கும் மதகுகள். அதிலிருந்து பக்கவாட்டில் திறக்கும் மடைக்கு மிஸ்கா என்று பெயர். மடைக்கும் அதே பெயர், அந்த மடை நனைக்கும் நிலத்துக்கும் அதே பெயர். ஒரு மிஸ்கா பல நூறு ஃபெடான் பரப்பு. உள்ளே வரப்போ பாத்தியோ கிடையாது. இரண்டு பக்கமும் நீளக் கரை. நடுவில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகப் பரவ வேண்டும். சமன்படுத்தாத நிலத்தில் தண்ணீர் தனக்கு ஒரு ஓடையைப் பறித்துக்கொண்டு நேராகக் கடைசிக்கு ஓடிவிடும். இரண்டு பக்கமும் காய்ந்த மேடு நிற்கும். பாதிக் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பருவத்து வேலை எந்த வரிசையில் நடக்கும்?

வெள்ளம் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் அதிகம். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வாய்க்கால் தூர்வாருவது, தலைமதகுக்கு எதிரே ஆற்றில் படிந்த மணல் திட்டை வெட்டி ஓட்டத்தை மதகுப் பக்கம் திருப்புவது, கரை உடைந்த இடத்தை அடைப்பது, ஷட்டர் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது, இந்த ஆண்டு நனையப்போகும் மிஸ்காவில் முட்செடியை அகற்றுவது. ஜூன் கடைசிக்குள் இவை முடியாவிட்டால் அந்தப் பருவத்தைக் காப்பாற்ற வழியில்லை. ஆறு யாருக்காகவும் ஒரு வாரம் தள்ளி வராது.

வெள்ளம் வந்ததும் பாசனம் இரண்டு சுற்றாக நடக்கும். ஜூலையில் முதல் சுற்று. முதல் பங்கு மிஸ்காக்களைத் திறந்துவிட்டு ஏறக்குறைய 25 முதல் 30 நாள் வரை தண்ணீர் கட்டுவார்கள். ஆகஸ்டில் அவற்றை மூடி இரண்டாம் பங்கைத் திறப்பார்கள். எந்தச் சுற்றில் தன் நிலம் இருக்கிறது என்பது விவசாயிக்குப் பெரிய விஷயம். முதல் சுற்றுக்கு நிச்சயம் அதிகம், விதைப்பும் முந்தும். இரண்டாம் சுற்றில் செப்டம்பர் வரத்து சீக்கிரம் நின்றுவிட்டால் மண் அரைகுறையாகத்தான் நனைந்திருக்கும்.

உச்ச வெள்ளத்தில் தலைமதகை முழுதாகத் திறந்து வைப்பது ஆபத்து. வாய்க்கால் கொள்ளாமல் கரை உடையும். வேரோடு வந்த மரமும் புதரும் மதகில் மாட்டிக்கொள்ளும். ஷட்டரைப் பாதி இறக்கி, உச்சத்தை ஆற்றோடு போகவிட்டு, வடியும்போது திறப்பதுதான் முறை. இரவில் ஏறும் வெள்ளத்துக்கு ஆள் இல்லாத மதகு எப்போதும் வம்பு.

மண்ணில் தேங்கிய ஈரம் ஒரு பயிருக்குப் போதுமா?

மண்ணைப் பொறுத்தது. கழிமுகத்தில் இரண்டு வகை. லெபாத் என்பது வண்டல் மிகுந்த, கையில் பொடியும் மண். தண்ணீர் வேகமாக இறங்கும், வேரும் ஆழமாகப் போகும், உழைப்பும் குறைவு. பாதோபே என்பது வெடிப்பு விடும் கனத்த களி. நம் கரிசலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அதில் தண்ணீர் முதலில் வெடிப்பு வழியே சரசரவென்று இறங்கும். களி ஊறி வெடிப்பு மூடியதும் இறங்குவது மிக மெதுவாகிவிடும். பாதோபேயில் தண்ணீரை நீண்ட நாள் நிறுத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

நல்ல மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பயிர் எடுக்கக்கூடிய ஈரமாக 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பிடித்துவைக்கும். சோள வேர் ஒன்றரை மீட்டருக்குக் கீழேயும் போகும். அப்படியானால் 250 மில்லிமீட்டருக்கு மேல் கையிருப்பு. மூன்று, மூன்றரை மாதத்துச் சோளம் ஒன்றை அதை வைத்து விளைவித்துவிடலாம், மகசூல் சுமாராக இருந்தாலும். ஆழமாக நனையாத இடத்தில் பயிர் இடுப்பளவு வளர்ந்து, கதிர் வாங்கும் நேரத்தில் வாடி நிற்கும். அதைத் தட்டைக்கு அறுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

விதைப்பு எப்படி?

தண்ணீர் வடிந்து, கால் புதையாமல் நடக்கும் பதம் வந்ததும் விதைக்க வேண்டும். உழவு கிடையாது. உழுதால் ஈரம் போய்விடும். செலூக்கா என்னும் கூர்நுனி மரக்கோலால் காய்ந்த மேலோட்டைத் துளைத்து, கீழே ஈரமண் தட்டும்வரை இறக்கி, குழிக்குச் சில விதை போட்டுக் காலால் மூடுவார்கள். பொதுவாக ஒருவர் குழி போட, பின்னால் இன்னொருவர் விதை போட்டு வருவார். மேலோடு உடையாமல் இருப்பது நல்லது. அடியில் உள்ள ஈரத்தை அது மூடிவைக்கிறது.

பதம் என்பது சில நாள் கணக்கு. முந்தினால் விதை சேற்றில் அழுகும், பிந்தினால் முளை ஈரத்தை எட்டாது. பரந்த மிஸ்காவில் தலைப்பக்கம் பதமாக இருக்கும்போது கடைசிப்பக்கம் இன்னும் குட்டையாக இருக்கும். அதனால் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, அதன் ஓரத்தைத் துரத்திக்கொண்டே விதைத்துப் போவார்கள்.

இங்கே பரவலாகப் போடும் சோளம் அக்லமோய் என்னும் உள்ளூர் வகை. இரண்டாம் சுற்று நிலத்தில் விதைப்பு அக்டோபர் வரை போகும். அறுவடை குளிர்காலத்தில், ஜனவரி பிப்ரவரியை ஒட்டி. ஓரத்தில் ஆமணக்கும், தர்பூசணி போன்ற கொடிகளும் உண்டு.

ஒரே நிலத்தை ஆண்டுதோறும் ஏன் நனைப்பதில்லை?

மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு மிஸ்காவுக்குத் தண்ணீர் என்பது பழைய விதி. வாய்க்கால் எட்டும் நிலம் சுமார் 2,40,000 ஃபெடான்; அதில் மூன்றில் ஒரு பங்கு, 80,000 ஃபெடான், ஆண்டு இலக்கு. பல ஆண்டுகளில் நடப்பு அந்த இலக்கைவிட வெகுவாகக் குறைவு. தொடர்ந்து நனைந்தால் களை பெருகும், வண்டல் ஒரே இடத்தில் ஏறி நிலம் மேடாகும், அப்புறம் வாய்க்கால் தண்ணீர் அதன்மேல் ஏறாது. தரிசு இரண்டு ஆண்டும் மேய்ச்சலுக்குப் பயன்படும். இந்தச் சுழற்சி காகிதத்தில் அழகு. நடைமுறையில், தலைமடையில் தண்ணீர் எளிதாகப் பாயும் மிஸ்காக்கள் முறை மீறி நனைவதும், கடைமடையில் முறை வந்தும் காய்வதும் உண்டு. காவிரிக் கடைமடைக்காரருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

65 கோடி கனமீட்டர் வந்தும் 80,000 ஃபெடானுக்குப் பற்றவில்லையா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை மீட்டர் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபெடானுக்கு 2,100 கனமீட்டர். 80,000 ஃபெடானுக்கு 16.8 கோடி. வரத்தில் கால்பங்குதான். மிச்சம்? ஆற்று மணலுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போவது ஒரு பெரும்பங்கு. உச்ச வெள்ளத்தில் மதகை இறக்கிவிட்டு வடக்கே காட்டுக்கு அனுப்புவது இன்னொன்று. வாய்க்காலில் கசிவது, மிஸ்காவில் தேங்கி நின்று ஆவியாவது, பள்ளத்தில் தேவைக்கு மேல் நிற்பது ஆகியவை மீதி. இவற்றில் கிணற்றுக்குப் போனதையும் காட்டுக்குப் போனதையும் வீண் என்று எழுதிவிடக் கூடாது. தோட்டமும் மேய்ச்சலும் அதை நம்பித்தான். உண்மையில் மீட்கக்கூடியது சமனில்லாத மிஸ்காவிலும் தூர்ந்த வாய்க்காலிலும் போவது மட்டும்.

பாசனத்தில் அடிக்கடி என்ன கெடும்?

ஆறு மதகை விட்டு விலகிப் போவது முதல் கோளாறு. ஒரே வெள்ளத்தில் முதன்மை ஓட்டம் எதிர்க்கரைக்கு மாறிவிட்டால், தலைமதகுக்கு முன்னால் மணல் திட்டு மட்டும் நிற்கும். ஷட்டர் திறந்திருக்கும், வாய்க்காலுக்குள் தண்ணீர் வராது. பருவத்தின் நடுவில் திட்டை வெட்டித் திருப்புவது பெரும்பாடு. அடுத்த வெள்ளம் அதை அடித்துப் போகும்.

அடுத்தது தூர். வாய்க்கால் தலையில் வேகம் குறையும் இடத்தில் முதலில் கனமான மணல் படியும். தூர்வாரிய மண்ணைக் கரை விளிம்பிலேயே கொட்டினால் அடுத்த மழையில் அதுவே உள்ளே இறங்கும்; தள்ளிக் கொட்ட வேண்டும். வாய்க்கால் அடித்தளம் உயர்ந்ததும் கரையை உயர்த்துவார்கள், பிறகு மடை பள்ளமாகத் தெரியும், மடையை உயர்த்த வேண்டும். இப்படி எல்லாமே ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

பயிர்க் கோளாறுகள் வேறு. புதா எனப்படும் ஒட்டுண்ணிக் களை சோள வேரைப் பிடித்து உறிஞ்சும். வெளியே பூ தெரியும்போது சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குவெலியா குருவிக் கூட்டம் இறங்கினால் ஒரு வயல் காலியாக அதிக நேரம் ஆகாது.

நிலம் யாருக்குச் சொந்தம்?

கழிமுகத்தின் பெரும்பான்மை மக்கள் பேஜா இனத்தின் ஹதெந்தோவா பிரிவினர். அடிப்படையில் ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் மக்கள். கசாலாவை ஒட்டி ஹலங்கா, பெனி ஆமர், ரஷாய்தா மக்களும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தலைமுறைகளாகக் குடியிருக்கும் ஹவுசாக்களும் இருக்கிறார்கள்.

எந்த மிஸ்கா எவ்வளவு நனையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இடத்தில் நிலையான பட்டா உதவாது. அதனால் பயிரிடும் உரிமைதான் குடும்பத்துக்கு உரியது. எந்தத் துண்டு என்பது ஒவ்வொரு ஆண்டும் மாறும். தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த பரப்பை அளந்து, ஷேக்குகள் எனப்படும் குலத் தலைவர்கள் வழியாகவும் குலுக்கல் மூலமாகவும் பிரிப்பது நெடுநாள் வழக்கம். வெள்ளத்தின் இழப்பு எல்லோர் தலையிலும் பரவுகிறது என்பது இதன் நல்ல பக்கம். அடுத்த ஆண்டு வேறொருவர் கைக்குப் போகும் நிலத்தைச் சமன்படுத்தவோ முள்வெட்டவோ யாரும் செலவு செய்ய மாட்டார்கள் என்பது கெட்ட பக்கம். பெயர்ப்பட்டியலில் ஷேக்குகளுக்கு இருந்த செல்வாக்கும் தனிச் சிக்கல். வேளாண்மை வளர்ச்சிக்கான சர்வதேச நிதியத்தின் உதவியோடு 2004-இல் தொடங்கிய சீரமைப்புத் திட்டம் நிலையான துண்டுகள், நீர்ப் பயனாளர் சங்கங்கள் என்ற திசையில் போகப் பார்த்தது. நிலையான துண்டுக்கு நிலையான தண்ணீர் தேவை. காஷில் அது இல்லை. அந்த முயற்சிக்கு எதிரான பெரிய வாதம் இதுதான்.

இங்கே பருத்தி விளைந்ததாகச் சொல்கிறார்களே?

விளைந்தது. 1920-களில் ஆங்கிலேய ஆட்சி கசாலா பருத்திக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்து நீளஇழைப் பருத்தி போட வைத்தது. செங்கடல் பக்கத்திலிருந்து ரயில் பாதை 1924-இல் கசாலாவை எட்டியது. கம்பெனியின் வேகத்துக்கும் ஹதெந்தோவாக்களின் மேய்ச்சல் வாழ்வுக்கும் ஒத்துப்போகவில்லை. சில ஆண்டுகளிலேயே கம்பெனி சூடானின் இன்னொரு பருத்திப் பகுதியான கெஸீராவுக்கு மாற, காஷ் வாரியம் பொறுப்பேற்றது. சூடான் விடுதலைக்குப் பிறகும் பருத்தி தொடர்ந்து, 1970-களில் ஆமணக்குக்கு இடம்விட்டது. அதுவும் நிலைக்கவில்லை. இன்று சோளம்தான். சோற்றுக்குத் தானியமும் மாட்டுக்குத் தட்டையும் தரும் பயிரை விட்டு, விலை யார் கையிலோ இருக்கும் பயிருக்கு மேய்ச்சல்காரர் ஏன் போக வேண்டும்?

கசாலாவின் வாழைத் தோட்டங்களுக்கும் இதே வாய்க்கால் தண்ணீரா?

இல்லை, அது கிணற்றுப் பாசனம். நகரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் ஆற்றங்கரை நெடுகத் தோட்டங்கள் உண்டு, சவாகி என்பார்கள். வாழை, எலுமிச்சை வகைகள், மாம்பழம், வெங்காயம். ஆற்று மணலுக்கு அடியிலுள்ள நீர்த்தாங்கியில் கிணறு இறக்கி டீசல் அல்லது மின் பம்பு வைத்து இறைக்கிறார்கள்.

அந்த நீர்த்தாங்கிக்கு வருமானம் ஆண்டில் மூன்று மாதம், செலவு பன்னிரண்டு மாதம். ஜூலையில் கிணற்று மட்டம் ஏறி, அக்டோபரிலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, மே ஜூனில் அடிமட்டம் தொடும். வறட்சி ஆண்டுக்கு அடுத்த கோடையில் பம்பு காற்றை இழுக்கும். கிணற்றை ஆழப்படுத்துவது உடனடிப் பதில், ஆனால் பக்கத்துக் கிணற்றின் தண்ணீரை அது இழுக்கும். வாழைக்கு ஆண்டு முழுக்கத் தண்ணீர் வேண்டும். வெங்காயம் குளிர்காலத்தோடு முடிந்துவிடும். ஆற்றை விட்டுத் தள்ளி இருக்கும் தோட்டத்தில் வாழை போடுவது, எங்கள் கணிப்பில், அடுத்த வெள்ளத்தின் மேல் பந்தயம் கட்டுவது.

சீமைக்கருவேலம் அங்கேயும் உண்டா?

உண்டு, அதே மரம். சூடானுக்கு 1917-இல் கொண்டுவரப்பட்டது. பிற்காலத்தில் மணல் பரவலைத் தடுக்க கிழக்கில் பரவலாக நட்டார்கள். மெஸ்கீத் என்பார்கள். நனையும் மிஸ்கா, வாய்க்கால் கரை, ஆற்றோரம் மூன்றையும் பிடித்துக்கொண்டது. 1995-இல் அதை ஒழிக்க அரசு ஆணையே போட்டது. இராமநாதபுரத்தில் என்ன நடந்ததோ அதேதான் அங்கேயும்: நிலத்துக்கு எதிரி, அடுப்புக்குக் கரி, ஏழைக்குக் கைக்காசு.

வெட்டும் முறையில்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துத் தண்டாகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஒரு சாண் அளவுக்காவது தோண்டி, துளிர்மொட்டு உள்ள வேர்க்கழுத்தை எடுக்க வேண்டும். புல்டோசர் தள்ளிய இடத்தில் நெற்றும் சேர்ந்து மண்ணோடு பரவும். வெள்ளம் வந்ததும் கம்பளம் விரித்தாற்போல் முளைக்கும். அந்த நாற்றை முதல் இரண்டு மாதத்துக்குள் கையால் பிடுங்கினால் வேலை சுலபம், ஒரு வருடம் விட்டால் மறுபடி மண்வெட்டி. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைக் கொண்டுவந்து போடும் என்பதால், முள் உள்ள இடத்தில் மேய்ந்த மந்தையைச் சில நாள் பட்டியில் அடைத்து வைத்த பிறகே சுத்தமான மிஸ்காவுக்குள் விட வேண்டும். நெற்றை அரைத்துத் தீவனமாகக் கொடுத்தால் விதையும் உடையும்.

மேய்ச்சலுக்கு நிலம் எங்கே?

அறுவடைக்குப் பிறகு சோளத் தாள், தரிசு மிஸ்காக்கள், வடக்கே வெள்ளம் முடியும் காடு. மழைக்காலத்தில் மந்தைகள் வெளியே மேட்டுப் புல்வெளிக்குப் போய்விடும். பயிர் நிற்கும் நாளில் உள்ளே மந்தை இல்லாதது இரு தரப்புக்கும் நல்லது. மழை பொய்த்த ஆண்டில் மந்தை சீக்கிரம் திரும்பிவிடும், சண்டையும் வரும். ஆற்றோரம் டூம் பனை உண்டு. கிளை விடும் பனை; ஓலையில் பாய் பின்னுவார்கள், பேஜா கூடாரங்களுக்கும் அந்தப் பாய்தான்.

கசாலா நகரம் ஏன் மூழ்குகிறது?

ஆற்றுப் படுகை வண்டலால் உயர்ந்துகொண்டே வருகிறது, நகரம் இருந்த இடத்தில் இருக்கிறது. கரையை உயர்த்த உயர்த்த, ஆறு நகரத்தைவிட மேலே ஓடும் நிலை வரும். 2003 ஜூலைக் கடைசியில் கரை உடைந்து நகரத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. வீடுகள் பெரும்பாலும் மண்சுவர் என்பதால் சேதம் கடுமை. பாதுகாப்புக்கு மண்கரையும், கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்புகளும் உள்ளன. கம்பி வலைக்குள் கல் அடுக்கிய இந்தத் தடுப்பு ஓட்டத்தை நடுவுக்குத் தள்ளும். அதன் மூக்கில்தான் அரிப்பு அதிகம். வெள்ளம் வடிந்ததும் மூக்கு சரிந்திருக்கிறதா என்று பார்த்து அப்போதே கல் போட வேண்டும். ஒரு கரையில் தடுப்பை நீட்டினால் எதிர்க்கரை அடிவாங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மேற்குக் கரையிலும் குடியிருப்புகள் உண்டு.

எரித்ரியா மேலே தண்ணீரை எடுத்துவிட்டால்?

இது பழைய கேள்வி. 1925 ஜூனில் பிரிட்டனும் அப்போது எரித்ரியாவை ஆண்ட இத்தாலியும் கடிதப் பரிமாற்றம் மூலம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன: டெசெனேய் பாசனத்துக்கு இத்தாலி எடுக்கும் நீருக்கு 6.5 கோடி கனமீட்டர் உச்சவரம்பு, பதிலுக்குக் கழிமுகச் சாகுபடி வருமானத்தில் எரித்ரியாவுக்கு ஒரு பங்கு. அந்த இரண்டு ஆட்சிகளும் போய் வெகுகாலம் ஆகிறது. இன்று மேலே எடுக்கும் தண்ணீர் பெருவெள்ள ஆண்டில் கீழே தெரியாது. 14 கோடி கனமீட்டர் வரும் ஆண்டில் 6.5 கோடி என்பது ஏறக்குறைய பாதி.

கழிமுகக் கிராமங்களில் குடிநீர்?

ஆற்றுக்குப் பக்கத்தில் கிணறு. தள்ளிப் போனால் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு, அல்லது மிக ஆழம். அங்கே ஹஃபீர்: தரையில் வெட்டிய பெரிய குளம், வெள்ளக்காலத்தில் வாய்க்காலிலிருந்து நிரப்புவார்கள். ஊருணி முறைதான். மந்தை நேராக இறங்காமல் வேலி போட்டு, தண்ணீரை வெளித்தொட்டிக்கு எடுத்துக் கொடுத்தால் மே மாதம் வரை ஓரளவு குடிக்கும்படி இருக்கும். வேலி விழுந்த ஹஃபீர் பிப்ரவரியிலேயே சேறு.

செயற்கைக்கோள் படத்தில் இதைப் பார்க்க முடியுமா?

நன்றாகவே தெரியும். கசாலாவைத் தேடுங்கள், நகரத்தின் கிழக்கில் சமவெளியிலிருந்து திடீரென எழும் மொட்டைப் பாறைக் குன்றுகள், தாகா மலை, அடையாளம். அதன் மேற்கில் வெளிர் மணல் பட்டையாக ஆறு, இரு பக்கமும் அடர்பச்சைத் தோட்டம். வடக்கே நகர்ந்தால் வாய்க்கால்களும் நீள நீளமான மிஸ்காக்களும் வரும். ஒரே ஆண்டின் மே மாதப் படத்தையும் அக்டோபர் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மே மாதத்திலும் பச்சையாக இருப்பது கிணற்றுத் தோட்டமோ சீமைக்கருவேலமோதான், அக்டோபரில் மட்டும் பச்சையாவது வெள்ளம் நனைத்த நிலம். மூன்று ஆண்டு அக்டோபர்ப் படங்களை வரிசையாகப் பார்த்தால் எந்த மிஸ்கா முறைப்படி நனைகிறது, எது ஆண்டுதோறும் நனைகிறது, எதற்குத் தண்ணீரே போவதில்லை என்பதும் தெரியும்.